மோடத்தை மாற்றினால் வேகம் கூடுமா?

கேள்வி: வீட்டில் 200 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. கூடத்தில் வேகம் பரவாயில்லை. படுக்கையறைக்குப் போனால் 20, 30தான் காட்டுகிறது. நிறுவனம் கொடுத்த மோடத்தைத் தூக்கிவிட்டு நல்லதாக ஒன்று வாங்கலாமா? எதை வாங்குவது?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். மோடம் என்று நீங்கள் சொல்லும் பெட்டிக்குள் இரண்டு கருவிகள் குடியிருக்கின்றன. ஒன்று, வெளியிலிருந்து வரும் சிக்னலைக் கணினிக்கான தரவாகவும், தரவைச் சிக்னலாகவும் மாற்றும் மோடம். மற்றது ரவுட்டர்; வந்த இணைப்பை வீட்டிலுள்ள எல்லோருக்கும் பிரித்து, வைஃபையாக அனுப்புவது. கூடத்தில் ஒழுங்காக வருவது அறைக்குள் படுத்துவிடுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வைஃபையைத்தான்.

உறுதிசெய்ய ஒரு சோதனை. லேப்டாப்பை லேன் கேபிளால் பெட்டியில் நேரடியாகச் சொருகி வேகத்தைப் பாருங்கள். 190 பக்கம் வந்தால் மோடத்தில் குறையில்லை. எத்தனை முறை பார்த்தாலும் 94, 95லேயே நிற்கிறதா? அது 100 எம்பிபிஎஸ் போர்ட்டின் அடையாளம். பெட்டியிலோ லேப்டாப்பிலோ ஜிகாபிட் போர்ட் (1000 எம்பிபிஎஸ் தாங்கும் கேபிள் துளை) இல்லாமல் இருக்கலாம். கேபிளையும் விட்டுவிடாதீர்கள். அதன் முனையிலுள்ள பிளாஸ்டிக் வழியே உற்றுப் பார்த்தால் வண்ண வண்ணமாக எட்டு இழைகள் தெரிய வேண்டும். நான்குதான் இருந்தாலோ, எட்டில் ஒன்று விட்டுப்போயிருந்தாலோ ஜிகாபிட் கிடைக்காது. இந்த அற்பக் காரணத்துக்காக நல்ல மோடத்தை மாற்றுபவர்கள் உண்டு.

மோடத்தையே மாற்றுவதானால், வீட்டுக்குள் வரும் கம்பிதான் எதை வாங்குவது என்பதைத் தீர்மானிக்கும். தொலைபேசிக் கம்பிக்கு டிஎஸ்எல் மோடம். அதில் தெருப்பெட்டியிலிருந்து வீடு எவ்வளவு தூரம் என்பதே வேகத்துக்கு வரம்பு, விலையுயர்ந்த மோடமும் அதைத் தாண்டாது. டிவி கேபிள் வழி இணையத்துக்கு, அதற்கான தரநிலையான டாக்சிஸ் மோடம். புதிதாக வாங்கினால் அதன் 3.1 பதிப்பு. உங்களுடையது ஃபைபர் என்பதால் அது ஓஎன்டி, அதாவது ஃபைபரில் வரும் ஒளியைத் தரவாக மாற்றும் கருவி. பெரும்பாலும் அதன் சீரியல் எண்ணை நிறுவனம் தன் பக்கம் பதிந்து வைத்திருக்கும். கடையில் வாங்கியதைச் சொருகினால் அவர்கள் அனுமதிக்கும்வரை இணைப்பு வராது. ஆகவே ஓஎன்டி இருக்கட்டும்.

ரவுட்டருக்குச் செலவு செய்யுங்கள். வைஃபை 6, இரண்டு பேண்ட் (2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள்), எல்லாம் ஜிகாபிட் போர்ட்: இந்த வேகத்துக்கு இது தாராளம். அட்டைப்பெட்டியில் அச்சிட்ட 3000, 5400 போன்ற எண்கள் எல்லாப் பேண்டுகளையும் கூட்டிச் சொல்வது. உங்கள் ஃபோன் அதை ஒருபோதும் பார்க்காது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கான்கிரீட் சுவரில் சோர்ந்துபோகும். 2.4 சுவரைத் தாண்டும், ஆனால் அங்கே நெரிசல். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே.

ஒரே பெரிய ரவுட்டரைவிட, அறைவரை லேன் கேபிள் இழுத்து அங்கே ஒரு அக்சஸ் பாயின்ட் (கேபிளில் வருவதை வைஃபையாக்கும் கருவி) வைப்பதையே நான் சொல்வேன். கேபிள் இழுக்க வழியில்லையென்றால் மெஷ், அதாவது ஒன்றோடொன்று இணைந்து ஒரே வைஃபையாக இயங்கும் பல பெட்டிகள். மலிவான ரிப்பீட்டர் வேண்டாம்: ஒரே பேண்டில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

புது ரவுட்டரை மாட்டும்முன் ஓஎன்டியை பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு இணைப்பை மட்டும் கடத்தும் நிலைக்கு) மாற்றித்தரச் சொல்லுங்கள். அப்படியே பிபிபிஓஇ (நிறுவனத்தின் பிணையத்தில் உள்நுழையும் முறை) பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் இணைப்பு அந்த வகையாக இருந்தால் ரவுட்டர் அதைத்தான் முதலில் கேட்கும்.