ஆன்லைன் வகுப்பில் மாணவர்களைப் பேச வைப்பது எப்படி? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: நான் கல்லூரியில் இயற்பியல் எடுக்கிறேன். ஜூமில் 60 பேர் இருப்பார்கள், எல்லா கேமராவும் அணைந்திருக்கும். கேள்வி கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

பதில்: கேமராவை விட்டுவிடுங்கள். பலருக்கு வீட்டில் தனி அறை இல்லை, டேட்டாவும் போதாது. 60 பேர் முன்னால் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம்தான் பெரிய தடை. ஹார்வர்டின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் பரப்பிய முறை உங்களுக்கு அப்படியே பொருந்தும். மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது அதன் முடுக்கம் என்ன? இதை ஜூமின் வாக்கெடுப்பு வசதியில் (poll), பெயர் தெரியாதபடி கேளுங்கள். பூஜ்யம் என்று நிறையப் பேர் தப்பாகச் சொல்வார்கள். விடையை உடனே சொல்லிவிடாதீர்கள். சரியாகச் சொன்னவர்கள் 30 முதல் 70 சதவீதம் வரை இருந்தால், நாலு நாலு பேராகப் பிரேக்அவுட் ரூமுக்கு (ஜூமிலேயே உள்ள சிறு குழு அறைக்கு) அனுப்பி, ஏன் அந்த விடை என்று மூன்று நிமிடம் வாதாடச் சொல்லுங்கள். அப்புறம் அதே கேள்விக்கு மறுபடி வாக்கெடுப்பு. 30-க்கும் கீழே என்றால் ரூம் வேண்டாம், நீங்களே இன்னொரு முறை நடத்துங்கள். தெரியாதவர்கள் மட்டும் கூடிப் பேசினால் குழப்பம்தான் மிஞ்சும்.

கேள்வி: குரூப் அசைன்மென்ட்டை ஒரு மாணவிதான் செய்கிறாள். மற்றவர்கள் பெயர் மட்டும் போடுகிறார்கள்.

பதில்: கூகுள் டாக்ஸில் எழுதச் சொல்லி, உங்களுக்கும் எடிட் உரிமை வாங்கிக்கொள்ளுங்கள். யார், எப்போது, எதை எழுதினார்கள் என்று வெர்ஷன் ஹிஸ்டரியில் தெரியும். அதைப் பார்ப்பீர்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுவதுதான் நியாயம். ஆனால் அதை மட்டும் வைத்து மதிப்பெண் போடாதீர்கள். நாலு பேர் பேசி ஒருவர் தட்டச்சு செய்திருக்கலாம். ஆளுக்கொரு பகுதியைப் பிரித்துக்கொடுத்து, இன்னொருவர் பகுதியில் இரண்டு கமெண்ட் எழுதுவதையும் கட்டாயமாக்குங்கள். அந்தக் கமெண்ட்டுக்கும் மதிப்பெண் உண்டு என்றால் படித்துப் பார்க்காமல் தப்ப முடியாது.

கேள்வி: எல்லோரும் சேர்ந்து எழுதும் கூகுளின் இணையப் பலகையான ஜாம்போர்டுக்குப் பதில் எது?

பதில்: 2024 கடைசியோடு கூகுள் அதை நிறுத்திவிட்டது. கூகுள் ஸ்லைட்ஸ் போதும்: ஒரே கோப்பு, குழுவுக்கு ஒரு ஸ்லைடு. புது ஆப், புது பாஸ்வேர்டு என்று பிள்ளைகள் தலையில் கட்டாதீர்கள்.

கேள்வி: என் மாணவர்களிடம் ஃபோன் மட்டும்தான் இருக்கிறது. நெட்டும் அடிக்கடி போய்விடும்.

பதில்: அப்படியென்றால் நேரலையைக் குறையுங்கள். பேட்லெட் என்ற இணையப் பலகை பிரவுசரிலேயே திறக்கும். லிங்க் வைத்திருப்பவர்கள் அக்கவுண்ட் இல்லாமலே எழுதும்படி செட்டிங்கில் மாற்றலாம். நோட்டில் போட்ட கணக்கைப் படம் எடுத்து, இரண்டு நாளைக்குள் அதில் ஏற்றச் சொல்லுங்கள். தமிழில் தட்டச்சு சிரமம் என்றால் கூகுளின் விசைப்பலகை ஆப்பான ஜிபோர்டில் பேசியே எழுதலாம். அடுத்த வகுப்பை அந்தப் படங்களில் இரண்டைக் காட்டித் தொடங்குங்கள். ஆசிரியர் பார்க்கிறார் என்று தெரிந்துவிட்டால், இதுவரை போடாதவர்களும் போட ஆரம்பிப்பார்கள்.