கண்பார்வை இல்லாத ஷேக் இப்னு பாஸ் எப்படிச் சவூதியின் தலைமை முஃப்தி (மார்க்கத் தீர்ப்பு வழங்கும் தலைமை அறிஞர்) ஆனார்?

செவியும் நினைவாற்றலும்தான் அவருக்குத் துணை. 1910இல் ரியாதில் பிறந்த அப்துல் அஸீஸ் இப்னு பாஸ், சிறு வயதிலேயே குர்ஆனை மனனம் செய்தவர். கண்நோயால் இருபது வயதளவில் பார்வை முழுவதும் போய்விட்டது. படிப்பை மட்டும் விடவில்லை. ஒருவர் நூலை உரக்க வாசிப்பார். ஷேக் கேட்டுக்கொண்டே வந்து, வேண்டிய இடத்தில் நிறுத்தச் சொல்லி விளக்குவார். ஸஹீஹுல் புகாரி என்ற நபிமொழித் தொகுப்பின் விரிவுரையான ஃபத்ஹுல் பாரியின் முதல் பாகங்களுக்கும் அவர் குறிப்புகள் தந்திருக்கிறார். எனக்கு இன்றும் தீராத வியப்பு இதுதான்!

சவூதியின் அல்கர்ஜ் பகுதியில் சுமார் 14 ஆண்டுகள் காழி (மார்க்க நீதிபதி), அப்புறம் ரியாதில் ஆசிரியர். 1961இல் மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத் துணைத் தலைவர், 1970இல் தலைவர். 1993இல் தலைமை முஃப்தியானார். 1999 மே மாதம் தாயிஃபில் காலமாகும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.