ஆர்எக்ஸ்-7, கார்வெட்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

டெக்சாஸில் இருக்கிறேன். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிப் பாதுகாத்து வைக்க ஆசை. இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன்: 1993 மஸ்தா ஆர்எக்ஸ்-7, 2002 செவர்லே கார்வெட் இசட்06. ஆர்எக்ஸ்-7இல் சைலன்ஸர் பாகம் முழுவதையும் மாற்றியிருக்கிறார்கள். ஓட்டிப் பார்த்தேன், பறக்கிறது. ஜப்பான் எஞ்சின் என்பதால் பயமில்லை. கார்வெட்டுக்குள்ளே எல்லாம் பிளாஸ்டிக். எதற்கு விலை ஏறும்?

கதிர்

அன்புள்ள கதிர்,

விலையை ஜோசியரிடம் கேளுங்கள். பிளாஸ்டிக்கை விடுங்கள், 405 குதிரைத்திறனுக்குக் காசு கொடுத்தவர்கள் டேஷ்போர்டைத் தடவிக்கொண்டிருக்கவில்லை. 'ஜப்பான் எஞ்சின் என்பதால் பயமில்லை' என்ற இடத்தில்தான் நின்றுவிட்டேன். இந்தப் பேச்சு கொஞ்ச நாளாகவே என்னை உறுத்துகிறது. டொயோட்டா சுப்ராவின் 2ஜேஇசட், வார்ப்பிரும்பு பிளாக் கொண்ட ஆறு சிலிண்டர் எஞ்சின். அது சம்பாதித்த பெயரில் மற்ற ஜப்பான் கார்களும் குளிர்காய்கின்றன. ஆர்எக்ஸ்-7இல் இருப்பது 13பி ரோட்டரி. பிஸ்டனே கிடையாது; முக்கோண ரோட்டர்கள் இரண்டு, ஒவ்வொரு முனையிலும் ஓர் ஏபெக்ஸ் சீல், அதாவது அழுத்தம் கசியாமல் அடைக்கும் பட்டை.

அந்த சீல் உடைவதற்கு வயது மட்டும் காரணமில்லை; டெட்டனேஷன், அதாவது எரிபொருள் கட்டுப்பாடில்லாமல் வெடிப்பதுதான் பெரிய எமன். நீங்கள் மெச்சுகிற சைலன்ஸர் வேலையே அதற்கு வழி திறக்கும். புகை தடையில்லாமல் வெளியேறினால் டர்போ எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் அழுத்தம் (பூஸ்ட்) கம்பெனி வைத்த 10 பிஎஸ்ஐயைத் தாண்டும்; அதைக் கட்டுப்படுத்தும் சின்ன வேஸ்ட்கேட் வால்வால் அடக்க முடியாது. பெட்ரோல் போதாமல் பெட்ரோல்-காற்றுக் கலவை மெலியும், டெட்டனேஷன் வரும். பிறகென்ன, சீல் போயிற்று. பறக்கிறதாம்! உடைவதற்கு முந்தின நிமிடம் வரை பறக்கத்தான் செய்யும்.

கம்ப்ரஷன், அதாவது எஞ்சின் அறைக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்று பார்த்தீர்களா? கடிதத்தில் அந்தச் சொல்லே இல்லையே, தம்பி. எஞ்சினைச் சூடாக்கி, பெட்ரோலை நிறுத்தி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து, ஸ்டார்ட்டரால் சுற்றிப் பார்க்க வேண்டும். ரோட்டருக்கு மூன்று முகம், ஆக ஆறு எண்கள். சாதாரண அழுத்த கேஜில் உள்ள வால்வு மூன்றில் பெரியதை மட்டும் பிடித்துக் காட்டி மற்ற இரண்டையும் மறைத்துவிடும். மெக்கானிக் 'நல்லா இருக்கு' என்பார். ரோட்டரிக்கென்றே உள்ள டெஸ்டர் வேண்டும். எண்களை 250 ஆர்பிஎம்முக்குத் திருத்தித் தரச் சொல்லுங்கள்; ஸ்டார்ட்டர் வேகமாகச் சுற்றினால் எண் சும்மாவே ஏறும். ஆறும் 100 பிஎஸ்ஐயை ஒட்டியோ மேலேயோ, ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் நிம்மதி. முகத்துக்கு முகம் 20 பிஎஸ்ஐ வித்தியாசம் வந்தால் விலகுங்கள். ஒரே ரோட்டரில் இரண்டு முகங்கள் விழுந்தால் ஏபெக்ஸ் சீல், ஏனென்றால் ஒரு சீல் இரண்டு அறைகளுக்குப் பொது. ஒன்று மட்டும் விழுந்தால் பக்கவாட்டு சீலைச் சந்தேகியுங்கள். எதுவானாலும் எஞ்சினை இறக்கிப் பிரித்தாக வேண்டும்.

ஆர்எக்ஸ்-7இல் ஆயில் குறைகிறது என்று மட்டும் பயப்படாதீர்கள். சீல்கள் வழுவழுப்பாக இருக்க அறைக்குள் ஆயில் செலுத்தவே அதில் தனி பம்ப் உண்டு.

கார்வெட்டா? எஞ்சினின் முன்பக்கம் பெல்ட் சுற்றும் சக்கரமான கிராங்க் புல்லி ஆடுகிறதா என்று ஓடும்போது பாருங்கள். உள்ளே ரப்பர் வளையம் நழுவும். மாற்ற ஸ்டீயரிங் ரேக்கை நகர்த்த வேண்டும், போல்ட் புதிதாகப் போட வேண்டும். ஆட்டோமேட்டிக் கியரோடு யாராவது 'இசட்06' என்று விற்றால் சிரித்துவிட்டு வாருங்கள். இந்தத் தலைமுறையில் அது ஆறு கியர் மேனுவலில் மட்டுமே வந்தது.

ஆர்எக்ஸ்-7 மேல்தான் உங்களுக்கு மனசு என்று தெரிகிறது. அழகான கார், யார் குறை சொல்வது? ஆனால் விற்பவர் சோதனைக்கு மறுத்தால், எஞ்சின் போன காருக்கு உள்ள விலையைச் சொல்லுங்கள். சம்மதித்தால் ஆறு எண்களையும் எனக்கு எழுதுங்கள்.