முதலில் நரம்பை மாற்றுங்கள்

தூண்டில் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பத்தடிக் கோல், பெரிய ரீல், 0.40 மி.மீ. தூண்டில் நரம்பு வைத்திருக்கிறேன். இவ்வளவு நாள் மீன் பிடித்ததெல்லாம் இதில்தான். இப்போது கணவாய்க்கு இறங்கியிருக்கிறேன். நான்கு இரவு போயாயிற்று. பின்னாலேயே வருகிறது, பிடிக்கிறது, கரையை நெருங்கும்போது கழன்றுவிடுகிறது. நல்ல கோல் ஒன்று வாங்கினால் சரியாகிவிடுமா அக்கா?

பதில்: தம்பி, கோலுக்கு இப்போதைக்குப் பணம் போடாதீர்கள். முதலில் அந்த நரம்பைக் கழற்றி வையுங்கள்.

மீன் இரையை வாயால் கவ்வும். கணவாய் அப்படிச் செய்வதில்லை. எட்டுக் கைகளுக்கு நடுவே ஒடுக்கி வைத்திருக்கும் இரண்டு நீளக் கைகளைச் சட்டென்று நீட்டிப் பிடித்து, தன்னிடம் இழுத்து, அப்புறம்தான் அலகுக்குக் கொண்டுபோகும். நம் ஜிக்கின், அதாவது இறால் வடிவப் போலி இரையின், வாலில் இருப்பதோ மேல்நோக்கி வளைந்த ஊசி வட்டம், எதிர்முள்ளே கிடையாது. நரம்பு ஒரு நொடி தொய்ந்தால் கணவாய் வழுக்கி இறங்கிவிடும். இறுக்கிப் பிடித்தால் சதை கிழியும்.

ஆரம்பத்தில் நானும் டிராக்கை, அதாவது நூல் வெளியே ஓடுவதைக் கட்டுப்படுத்தும் ரீலின் பிடியை, இறுக்கித்தான் வைத்திருந்தேன். ஒரு இரவு நல்ல கனமான கணவாய் காலடி வரை வந்துவிட்டது. கடைசியாக ஒரு தடவை நீரைப் பீய்ச்சிக்கொண்டு பின்னால் பாய்ந்தது, கோல் லேசாகிவிட்டது. ஜிக்கைத் தூக்கி விளக்கில் பார்த்தால், ஊசியில் விரல் நீளத்துக்கு அறுந்த கை மட்டும் தொங்குகிறது. அதன் உறிஞ்சிகள் ஜிக்கின் துணியை விடவில்லை. ஒவ்வொன்றாக நகத்தால் நெம்பி எடுத்தேன். அவ்வளவு மெல்லிய சதையை வைத்துத்தான் ஒரு முழு உடம்பையும் இழுக்கிறோம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அதன் பிறகு எந்தக் கருவியை வாங்கினாலும் அந்தக் கைதான் எனக்குக் கணக்கு.

இனி உங்கள் நரம்புக்கு வருகிறேன். 0.40 நரம்பு தடிமன். காற்றும் நீரோட்டமும் அதைப் பிடித்துத் தள்ளும். நடுவில் வில்லாக வளைந்து நிற்கும். ஜிக் நேராக இறங்காது. போதாததற்கு அது நீளும் நரம்பு. நீங்கள் இங்கே சுண்டுவதில் பாதி நரம்பு நீளுவதிலேயே போய்விடும், அங்கே ஜிக் துள்ளாது. பின்னல் நூலுக்கு, அதாவது பிரெய்டுக்கு மாறுங்கள். தடிமன் எண் 0.6 அல்லது 0.8 போதும், 0.8 எண் நூலே ஏறக்குறைய 0.15 மி.மீ.தான். பத்து மீட்டருக்கு ஒரு நிறம் மாறுகிற நூலாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. ஜிக் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண்ணாலேயே தெரியும். பிரெய்டு பாறையில் உரசினால் தாங்காது. அதனால் நுனியில் ஒன்றரை மீட்டருக்கு 8 முதல் 12 பவுண்டு தாங்கும் ஃபுளோரோகார்பன் நரம்பை லீடராக, அதாவது முனை நரம்பாக, கட்டுங்கள். லீடர் முனையில் ஜிக்கை மாட்ட சின்ன ஸ்னாப் கொக்கி ஒன்று போதும், கனமான சுழலி வேண்டாம்.

பிரெய்டு நீளாது என்பதால் டிராக்கைத் தளர்த்தியே ஆகவேண்டும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை நரம்பில் கட்டி மெதுவாகத் தூக்குங்கள். பாட்டில் கொஞ்சம் எழும்பி, உடனே நூல் சுற்றிய ஸ்பூல் வழுக்க ஆரம்பிக்க வேண்டும். கடலில் கோலைச் சுண்டும்போது ரீல் லேசாக 'ஜீ' என்றால் சரியாக வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். கணவாய் பாயும்போது நூல் போகட்டும், பதறாதீர்கள். அது மூச்சு வாங்குகிற இடைவெளியில் சுற்றுங்கள். கோலை மட்டும் தாழ்த்திவிடாதீர்கள்.

இவ்வளவும் செய்த பிறகு கோல் வாங்கலாம். கரையிலிருந்து வீசுகிறவருக்கு எட்டிலிருந்து எட்டரை அடி, படகில் போகிறவருக்கு ஏழடி. உங்கள் பத்தடிக் கோல் கனத்த ஈயத்தை வீசச் செய்தது. 20 கிராம் ஜிக்கை அது உணரவே உணராது. நுனி இளகியும் நடுப்பகுதி உறுதியாகவும் இருக்கிறதைப் பாருங்கள். இரவு முழுக்கச் சுண்ட வேண்டியிருப்பதால் எடை குறைவாக இருப்பது முக்கியம். ரீல் 2500 அல்லது 3000 அளவு.

கேள்வி: ஜிக் வாங்கப் போனால் நிறங்களைப் பார்த்தே தலை சுற்றுகிறது. எந்த நிறம் எடுக்கும்?

பதில்: பெரும்பாலான கணவாய்களின் கண்ணில் ஒரே ஒரு காட்சி நிறமிதான் உண்டு. நாம் பார்க்கிற மாதிரி சிவப்பு, பச்சை என்று அவை பிரித்துப் பார்ப்பதில்லை. வெளிச்சமா இருட்டா, பின்னணியிலிருந்து தனித்துத் தெரிகிறதா என்பதே அவற்றுக்குப் பெரிது. வெளிர் நிறத்தில் ஒன்று, அடர் சிவப்பில் ஒன்று, இருளில் ஒளிர்வது ஒன்று, மூன்றோடு நிறுத்துங்கள்.

மிச்சப் பணத்தை அளவிலும் இறங்கும் வேகத்திலும் போடுங்கள். இந்த இறால் வடிவ ஜிக் ஜப்பானில் பிறந்தது. அளவும் அவர்களுடைய 'சுன்' என்ற நீளக் கணக்குதான். 3.5 எண் என்றால் கிட்டத்தட்ட பத்தரை செ.மீ. நீளம், 20 கிராம் அளவு எடை. சாதாரண 3.5 ஒரு மீட்டர் இறங்க மூன்று விநாடிக்குச் சற்றுக் கூடுதலாக எடுக்கும். அடியில் பாசியும் பாறையும் உள்ள ஆழமில்லாத இடத்துக்கு மெதுவாக இறங்குகிற வகை, ஓட்டம் இழுக்கிற இடத்துக்கு வேகமாக இறங்குகிற வகை. கணவாய் பெரும்பாலும் ஜிக் இறங்கும்போதுதான் பிடிக்கிறது. தெளிந்த நீரில் விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஜிக் துள்ளியபோது இரண்டு கணவாய்கள் ஒரு முழம் பின்வாங்கி நின்றன. மூக்கைக் கீழே சாய்த்து அது அமைதியாக இறங்கத் தொடங்கியதும், கைகளைக் கூர்முனையாகச் சேர்த்துக்கொண்டு நெருங்கின. ஒன்று தொட்டது. என் விரலில் எதுவும் தட்டவில்லை. நீரில் மிதந்த நூல் மட்டும் மெல்ல நிமிர்ந்தது. அதனால்தான் இறங்கும் வேகத்துக்கு இவ்வளவு வாதாடுகிறேன்.

கேள்வி: இதே கருவியில் ஓட்டுக் கணவாயும் பிடிக்கலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் அது தரையை ஒட்டியே இருக்கும். ஜிக்கை அடிவரை இறக்கி, சின்னதாக ஒரு சுண்டு, பிறகு நிறுத்தம். பாய்ச்சல் இருக்காது, ஈரத் துணியை இழுப்பது போன்ற கனம்தான் தெரியும். மேலே வந்ததும் உடனே தூக்காமல் நீர்ப்பரப்பிலேயே வைத்து மையைக் கக்க விடுங்கள், அப்புறம் வலையில் ஏந்துங்கள். வீட்டுக்குப் போனதும் ஜிக்கை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.