ஜெபக்குறிப்பு – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எனக்கு வயது 27. சோழிங்கநல்லூரில் ஐடி வேலை. நாலு வருடமாக ஒரு ஜெபக்குழுவில் இருக்கிறேன். அதை நடத்தும் அக்காதான் எனக்கு ஆவிக்குரிய தாய். கெட்ட சகவாசத்தை விட்டு விலகு என்று அக்கா அடிக்கடி சொல்வார்கள். என் கல்லூரித் தோழி இந்து, எட்டு வருடப் பழக்கம். தீபாவளிக்கு அங்கிருந்து பலகாரம் வரும், கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டிலிருந்து கேக்கும் பிரியாணியும் போகும். இது அந்நிய நுகம் (அவிசுவாசிகளோடு பிணைக்கப்படுவது), விட்டுவிடு என்கிறார்கள் அக்கா. அடுத்த மாதம் மேடவாக்கத்தில் அவள் வீட்டுக் கிரகப்பிரவேசம், போகலாமா என்று தெரியவில்லை. அம்மா போகும் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை வெறும் சடங்கு என்று அக்கா சொன்னதால் அங்கே போவதை நிறுத்திவிட்டேன்.

ஆபீஸில் என் டீம் லீட், திருமணமானவர், ராத்திரி பதினொரு மணிக்கு மேல் மெசேஜ் அனுப்புகிறார். தனிமையில் நானும் சில நாள் பதில் போட்டேன். இப்போது பயமாக இருக்கிறது. அக்காவிடம் மட்டும்தான் சொன்னேன். அவர்கள் பெயர் போடாமல் குழுவின் வாட்ஸ்அப்பில் ஜெபக்குறிப்பாக, அதாவது எல்லாரும் ஜெபிக்க வேண்டிய விஷயமாகப் போட்டார்கள். எல்லாருக்கும் நான்தான் என்று தெரிந்துவிட்டது. அக்கறையில் செய்ததுதான். இன்ஸ்டாகிராம், வெப் சீரிஸ் இதெல்லாமும் விசுவாச வாழ்க்கையைக் கெடுக்குமா? எந்த உறவை வெட்டுவது, எதை வைத்துக்கொள்வது என்று ஒரு கிறிஸ்தவப் பெண் எப்படித் தெரிந்துகொள்வது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள எஸ்.,

இதை வெளியிடலாமா என்று உங்களைக் கேட்டு, நீங்கள் சரி என்று சொன்ன பிறகுதான் போடுகிறேன். சோழிங்கநல்லூரும் மேடவாக்கமும் நான் மாற்றிப் போட்ட ஊர்கள். அடையாளம் தெரியக்கூடிய பகுதிகளை வெட்டிவிட்டேன். இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

சின்ன விஷயங்களை முடித்துவிடுவோம். இன்ஸ்டாகிராமால் தூக்கம் கெடுகிறது என்றால் ராத்திரி போனை ஹாலில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுங்கள். வெப் சீரிஸ் பற்றி எனக்குக் கருத்து கிடையாது. நான் பார்ப்பதில்லை, அது பக்தியினால் அல்ல. இரண்டாவது எபிசோடில் தூங்கிவிடுவேன்.

டீம் லீட் விஷயத்துக்காக மூன்று வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். அது ஹெச்ஆர் விஷயம் அம்மா. தனிமையில் நாலு மெசேஜுக்குப் பதில் போட்டதற்காக உங்களை நீங்களே அடித்துக்கொள்ள வேண்டாம். ‘வேலை விஷயம் மட்டும், ஆபீஸ் நேரத்தில் மட்டும் பேசவும்’ என்று ஒரே ஒரு வரி எழுத்தில் அனுப்புங்கள். அதற்குப் பிறகும் வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். உபவாசம் அதற்குப் பிறகும் இருக்கலாம்.

இனி அக்கா. உங்கள் முழுக் கடிதத்தில் அக்கா 23 இடத்தில் வருகிறார். இயேசு 2 இடத்தில் வருகிறார், அதிலும் ஒன்று வாழ்த்து வரியில்.

‘ஆகாத சம்பாஷணைகள் நல்லொழுக்கங்களைக் கெடுக்கும்’ என்பதுதான் அக்கா அடிக்கடி சொல்லும் வசனம் என்கிறீர்கள். 1 கொரிந்தியர் 15:33, பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபம், அதாவது கடிதம். அந்த அதிகாரத்தை ஒரு தடவையாவது முழுதாக வாசித்தீர்களா? பவுல் அங்கே யாரைப் பற்றிப் பேசுகிறார்? செத்தவர்கள் உயிரோடு எழுந்திருப்பதெல்லாம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த ஆட்களைப் பற்றி. அவர்கள் எங்கே இருந்தார்கள்? 12ஆம் வசனத்தைப் பாருங்கள், ‘உங்களில் சிலர்’ என்கிறார். சபைக்குள்ளேயே உட்கார்ந்து, கூடவே பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர்கள். அதிரசம் கொடுத்தனுப்பும் தோழிக்கும் அந்த வசனத்துக்கும் சம்பந்தமே கிடையாது. இன்னொன்று, அந்த வரி பவுலின் சொந்த வரியும் இல்லை. மெனாண்டர் என்ற கிரேக்க நகைச்சுவை நாடகாசிரியருடையது என்று பழைய காலத்திலிருந்தே சொல்லி வருகிறார்கள். சினிமாவுக்குப் போகாதே, டிராமாவுக்குப் போகாதே என்று நம் ஆட்கள் தூக்கிக் காட்டும் வசனம் நாடகக் கொட்டகையிலிருந்து வந்தது! சந்தர்ப்பம் கிடைத்தால் இதைச் சொல்லாமல் விடமாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதே நிருபத்தில் 5ஆம் அதிகாரம் இன்னும் தெளிவு. உலகத்தில் இருக்கிற பாவிகளோடு பழகாதே என்று நான் எழுதவில்லை, அப்படிப் பார்த்தால் உலகத்தை விட்டே போய்விட வேண்டியதுதான், சகோதரன் என்று பெயர் வைத்துக்கொண்டு அக்கிரமம் செய்கிறவனைப் பற்றித்தான் எழுதினேன் என்கிறார். பலகாரக் கேள்விக்கு 10ஆம் அதிகாரத்திலேயே பதில் இருக்கிறது. விசுவாசி அல்லாத ஒருவர் விருந்துக்குக் கூப்பிட்டால், போக மனமிருந்தால், எதையும் விசாரிக்காமல் சாப்பிடு. இது சாமிக்குப் படைத்தது என்று யாராவது சொன்னால் மட்டும் அவருக்காக விட்டுவிடு. அவ்வளவுதான். அந்நிய நுகத்தைக் கல்யாணத்துக்கும் கூட்டு வியாபாரத்துக்கும் வைத்து யோசியுங்கள், நானும் யோசிக்கத்தான் சொல்வேன். அதிரசத்துக்கு வேண்டாம்.

கெட்ட சகவாசமே கிடையாது என்று சொல்ல வரவில்லை. ஞானிகளோடு சஞ்சரிக்கிறவன் ஞானமடைவான், மூடருக்குத் தோழன் நாசமடைவான் என்று நீதிமொழிகள் சொல்வது அனுபவத்தில் வந்த பேச்சு. குடிக்கக் கூட்டிப்போகிறவன், கடன் வாங்கிவிட்டுக் காணாமல் போகிறவன், எப்போதும் யாரையாவது கரித்துக்கொட்டுகிறவன் எல்லாரையும் நமக்கே தெரியும். அவர்கள் முகமூடி போட்டுக்கொண்டு வருவதில்லை.

உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாத வரி வேறு. ‘அக்கறையில் செய்ததுதான்.’ இதை எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

சில மாதமாகவே இதைப் பற்றி எழுத நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் ஒருவருடைய ஸ்கேன் ரிப்போர்ட்டே ஜெபக்குறிப்பாக வந்தது, பெயரும் வயதும் உறுப்பும் தெரிகிற மாதிரி. கீழே வரிசையாக ஆமென். அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

எழுபதுகளில் நாங்கள் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் இருந்தோம். வெள்ளிக்கிழமை மத்தியானம், ஆண்கள் எல்லாரும் தொழிற்சாலைக்குப் போயிருக்கும் நேரத்தில், ஒரு ஆன்ட்டி வருவார். வெள்ளைச் சேலை, தோளில் ஜோல்னாப் பை. பைக்குள் வேதப்புத்தகம், அதற்கடியில் பழுப்புக் காகித அட்டை போட்ட லாங் சைஸ் நோட்டு. பாயில் உட்கார்ந்து அம்மா அழுது சொல்வதெல்லாம் அந்த நோட்டில் ஏறும். ஒரு நாள் அவர் கை கழுவப் பின்பக்கம் போனபோது புரட்டிப் பார்த்தேன். வீட்டுக்கு ஒரு பக்கம். மேலே கதவு எண், கீழே குறிப்புகள். ‘கணவர் – குடி.’ ‘மருமகள் – பிள்ளை இல்லை, மாமியார் சந்தேகம்.’ எங்கள் பக்கத்தில் மூன்று வரி இருந்தது. ‘தகப்பன் – சீட்டுக் கடன். மூத்தவள் – கடிதம் (வாத்தியார் மகன்). இளையவன் – படுக்கை நனைத்தல்.’ இங்க் பேனாவில் முத்து முத்தான கையெழுத்து. இளையவன் நான்.

ஓய்வுநாள் பள்ளியில் பையன்கள் என்னை என்ன பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள் என்பதை இங்கே எழுத மாட்டேன். என் அக்காவின் கதை அதைவிட மோசம். வரன் பார்க்க வந்த வீட்டில் காப்பி குடித்துக்கொண்டே அந்தக் கடிதத்தைப் பற்றிக் கேட்டார்கள். ஆன்ட்டி கெட்டவர் இல்லை. ஒவ்வொரு பக்கத்தையும் விரித்து வைத்து முழங்காலில் நின்று உண்மையாகவே ஜெபித்தவர்தான். என்ன, அடுத்த வீட்டுக்குப் போனதும் ‘இந்தக் குடும்பத்துக்காகப் பாரத்தோடு ஜெபியுங்கள்’ என்று முந்தின வீட்டுப் பக்கத்தை வாசித்துக் காட்டுவார். அதே ஆன்ட்டி சொல்லித்தான் அம்மா பக்கத்து வீட்டு மாமியோடு பேசுவதை விட்டாள். பிறகு அம்மாவின் சொந்த அக்கா கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள் என்பதால் அங்கே போவதும் நின்றது. ஒரு கட்டத்தில் மனசில் உள்ளதைச் சொல்ல அம்மாவுக்கு ஆன்ட்டியை விட்டால் ஆளே இல்லை. இப்போது உங்கள் நாலு வருடத்தை எடுத்துப் பாருங்கள். முதலில் தோழி, அப்புறம் அம்மாவின் சபை. அடுத்தது யார்?

கத்தோலிக்கர்களை நாம் எவ்வளவு கேலி செய்திருக்கிறோம், பாவசங்கீர்த்தனக் கூண்டில் போய்ச் சாமியார் காதில் தங்கள் பாவங்களை ஓதுகிறார்கள் என்று. 1215இல் கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுச்சங்கமான நான்காம் லாத்தரன் சங்கம், வருடத்துக்கு ஒரு தடவையாவது பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும் என்று விதித்தது. அதே விதியின் பின்பாதி யாருக்கும் தெரிவதில்லை. கேட்ட பாவத்தை வெளியே சொல்லும் குருவைப் பதவியிலிருந்து இறக்கி, சாகும்வரை தவம் செய்ய மடத்தில் அடைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. இன்றைக்கும் அவர்கள் சட்டப்படி, அந்த ரகசியத்தை நேரடியாக உடைக்கும் குரு அந்தக் கணமே திருச்சபைக்கு வெளியே. யாரும் கூடித் தீர்ப்புச் சொல்லக்கூட வேண்டியதில்லை. பெசன்ட் நகர் வேளாங்கண்ணி ஆலயத்தில் வரிசையில் நிற்கும் மீன்காரம்மாவின் ரகசியத்துக்கு இவ்வளவு காவல் இருக்கிறது. பட்டப்படிப்பு முடித்து ஐடியில் வேலை செய்யும் உங்கள் ரகசியத்துக்கு என்ன இருக்கிறது? வாட்ஸ்அப் அட்மின்.

புராட்டஸ்டன்ட்காரர்களான நாம் அந்தக் கூண்டை வேண்டாம் என்றோம். காரணங்கள் இருந்தன, சரி. (சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் தனிப் பாவ அறிக்கையை ஒழிக்கச் சொன்னவர் இல்லை, அது வேறு கதை.) ஆனால் யாரிடமாவது சொல்லி அழ வேண்டும் என்ற தேவை போகவில்லையே. அது வீட்டுக்கூட்டத்துக்கும் செல் குரூப்புக்கும் குடிவந்துவிட்டது. கூண்டின் மறைவும் வரவில்லை, தண்டனையும் வரவில்லை. அக்காமார்கள் யாக்கோபு 5:16ஐக் காட்டுவார்கள், ‘உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு’. ஒருவருக்கொருவர்! இந்த நாலு வருடத்தில் அக்கா தன் குற்றம் ஒன்றையாவது உங்களிடம் சொல்லியிருக்கிறாரா? எந்நேரமும் ஒருவரே சொல்லி, இன்னொருவரே எழுதிக்கொள்ளும் இடத்துக்குப் போலீஸ் ஸ்டேஷன் என்று பெயர்.

யோவானின் மூன்றாம் நிருபத்தில் தியோத்திரேப்பு என்று ஒருவன் வருகிறான். எல்லாரிலும் முதன்மையாயிருக்க ஆசைப்படுகிறவன். வருகிற சகோதரர்களைத் தானும் சேர்ப்பதில்லை, சேர்க்க நினைக்கிறவர்களையும் சபைக்கு வெளியே தள்ளுகிறான். அவனும் சபைக்காரன்தான்.

உங்கள் வீட்டு விஷயம் ஒன்று (அதை வெட்டிவிட்டேன்) அந்தத் தோழிக்குக் கல்லூரி நாளிலிருந்தே தெரியும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எட்டு வருடத்தில் அது ஒரு காதுக்குப் போகவில்லை. உங்கள் ஆவிக்குரிய தாயிடம் சொன்னது எத்தனை நாளில் ஊருக்குத் தெரிந்தது? இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல், எதை வெட்டுவது என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். கோபம் வருகிறது, உங்கள்மேல் கொஞ்சம்தான்.

குழுவை விட்டு நாளைக்கே ஓடச் சொல்லவில்லை. மத்தேயு 18:15இல் இயேசு சொன்னபடி தனியாகப் போய்ப் பேசுங்கள். ‘என்னைக் கேட்காமல் போட்டது தப்பு அக்கா, அதை டெலிட் பண்ணுங்கள்’ என்று சொல்லுங்கள். ‘ஆமாம் தங்கச்சி, தப்புதான், மன்னித்துக்கொள்’ என்று வந்தால் அந்த உறவில் உயிர் இருக்கிறது, வைத்துக்கொள்ளுங்கள். ‘உனக்குள்ளே கலகத்தின் ஆவி வந்துவிட்டது’ என்று ஆரம்பித்தால், பதில் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

அம்மாவின் சபைக்குத் திரும்பிப் போங்கள். 1947 செப்டம்பர் 27ஆம் தேதி இதே சென்னையில், செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிடேரியன், காங்கிரகேஷனல் மரபுக்காரர்கள் பல வருடம் பேசிப் பேசி ஒன்றாகச் சேர்ந்து உண்டாக்கியது அந்தத் திருச்சபை. சண்டைக்கும் வழக்குக்கும் அங்கே இன்றைக்குக் குறைவில்லை, சடங்கும் இருக்கிறது, பிரசங்கம் சில வாரம் தாலாட்டு. அம்மா பக்கத்தில் உட்கார ஒரு இடம் இருக்கிறது, அது போதாதா?

கிரகப்பிரவேசத்துக்குக் கட்டாயம் போங்கள். ஹோமத்தில் உட்கார மனசு ஒப்பவில்லை என்றால் அவளிடமே சொல்லுங்கள், புரிந்துகொள்வாள். எட்டு மணிக்கு டிபனுக்குப் போனால் போதும். விடிகாலை முகூர்த்தத்துக்கு அவள் சொந்தக்காரர்களே பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள். முதல் நாள் சாயங்காலம் பாத்திரம் பண்டம் எடுத்து வைக்க ஆள் தேவைப்படும், அதற்குப் போனால் இன்னும் நல்லது.