‘காதலன்’ படத்தில் கவர்னராக வந்த நடிகர் யார்?

கேள்வி: ‘காதலன்’ படத்தில் நக்மாவின் அப்பாவாக, கவர்னராக வருபவர் யார்? வேறு என்ன செய்திருக்கிறார்?

கிரீஷ் கர்னாட். 1994இல் படம் வந்தபோது நானும் அவரை யாரோ வடக்கத்தி வில்லன் என்றுதான் நினைத்தேன். தூர்தர்ஷனில் வந்த ‘மால்குடி டேஸ்’ தொடரில் சுவாமியின் கண்டிப்பான அப்பாவும் அவரேதான் என்பதுகூட அப்போது உறைக்கவில்லை. பல வருடம் கழித்து ‘துக்ளக்’ நாடகத்தைப் படிக்க எடுத்தபோது, அதை எழுதியவரின் படத்தைப் பார்த்துத்தான் ‘அட, நம்ம கவர்னர்!’ என்று பிடிபட்டது. (சோவின் துக்ளக் வேறு. இது 1964இல் கன்னடத்தில் வந்தது.)

அவருடைய மொழிக் கணக்கே ஒரு தனிக் கதை. பிறந்தது 1938இல், மகாராஷ்டிரத்தின் மாதேரானில். வீட்டில் கொங்கணி, ஆரம்பப் பள்ளியில் மராத்தி, சிர்சியிலும் தார்வாடிலும் வளர்ந்ததால் கன்னடம். கல்லூரியில் படித்தது கணிதமும் புள்ளியியலும். அப்புறம் ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு. ஆங்கிலக் கவிஞராக வேண்டும் என்பதுதான் அவருடைய கனவு. ஆனால் ‘பையன் போனால் திரும்பி வருவானா’ என்று வீட்டார் கவலைப்பட்டுக்கொண்டிருந்த நாட்களில் அவர் எழுதியது ஒரு நாடகம், அதுவும் கன்னடத்தில்: ‘யயாதி’. மகனின் இளமையைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் அப்பனின் கதை! அந்த நேரத்தில் அந்தக் கதைதான் வரும்.

1963இல் திரும்பியவர் நேராக வந்தது நம் சென்னைக்கு. ஏழு வருடம் ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி பிரஸ்ஸில் வேலை, மற்ற நேரத்தில் ‘மெட்ராஸ் பிளேயர்ஸ்’ குழுவோடு ஆங்கில நாடகம். அந்தச் சென்னை நட்பில் விளைந்ததுதான் ‘சம்ஸ்காரா’ (1970). இயக்கியவர் தெலுங்குக் கவிஞர் பட்டாபிராம ரெட்டி, ஒளிப்பதிவாளர் ஓர் ஆஸ்திரேலியர், படமோ கன்னடம். அக்ரகாரத்தில் ஒரு பிணம் கிடக்கிறது. ஆசாரத்தை எல்லாம் விட்டவன், அவனுக்கு யார் கொள்ளி வைப்பது என்று தகராறு. பிணம் எடுக்கும்வரை யாரும் சாப்பிடக் கூடாது. தீர்ப்புச் சொல்ல வேண்டிய பிராணேசாச்சாரியாராக கர்னாட். ஏடு ஏடாகப் புரட்டியும் விடை கிடைக்காமல் தவிப்பார். மேடையில் பழகியவர்கள் கேமரா முன்னால் கொஞ்சம் கூடுதலாகச் செய்துவிடுவார்கள். இவர் அடக்கித்தான் வாசிப்பார். தணிக்கையில் மாட்டி, முதலில் தடைபட்டு, பிறகு வெளியாகி, அந்த ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருதை வாங்கியது.

இந்தியில் ஷியாம் பெனகலின் ‘மந்தன்’ (1976) கட்டாயம் பார்க்க வேண்டியது. குஜராத் விவசாயிகள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் போட்டு எடுத்த படம். பால் கூட்டுறவு தொடங்க வரும் கால்நடை மருத்துவர் இவர்தான்.

தமிழில் ‘ஹே ராம்’, ‘செல்லமே’, ‘முகமூடி’, ‘24’ என்று அவ்வப்போது வந்து போனார். உண்மையைச் சொன்னால், அவரிடம் இருந்ததில் கால்வாசியைக்கூட நாம் வாங்கிக்கொள்ளவில்லை. அவருக்கும் அதில் பெரிய வருத்தம் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். சினிமா சோறு போட்டது, மனசு நாடகத்தில் இருந்தது. 1998இல் ஞானபீடம் கிடைத்ததும் எழுத்துக்குத்தான்.

2018 செப்டம்பரில், சுட்டுக் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் கௌரி லங்கேஷின் நினைவு நாளன்று பெங்களூரில் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு வந்து உட்கார்ந்தார். கழுத்தில் ‘நானும் நகர்ப்புற நக்சல்’ என்ற அட்டை. அரசை விமர்சித்தவர்கள்மேல் அப்போது ஒட்டப்பட்ட பட்டம் அது. அடுத்த ஜூனில் போய்விட்டார். அரசு மரியாதை வேண்டாம் என்பது அவர் விருப்பம், வீட்டாரும் அப்படியே செய்தார்கள்.