கேள்வி–பதில்: பிள்ளைகள் போனுக்கு எந்தப் பூட்டு?

கேள்வி: ஐயா, வணக்கம். மகள் க்ரேட் 7 படிக்கிறாள், கையில் சாம்சங் போன். மகன் க்ரேட் 3, அவனுக்கு ஒரு ஆண்ட்ராய்டு டேப்லெட். என்னிடம் ஐபோன். வீட்டுக்காரரின் விண்டோஸ் லேப்டாப்பை எல்லோரும்தான் எடுக்கிறோம். போன் கடைப் பையன் வருடச் சந்தா கட்டுகிற ஒரு ஆப்பைப் போடச் சொல்கிறான், "அதுல எல்லாமே தெரியும் ஆன்ட்டி" என்கிறான். வாங்கலாமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: கொஞ்சம் பொறுங்கள் அக்கா. காசு கொடுப்பதற்கு முன்னால், காசில்லாமல் ஏற்கெனவே கையில் இருப்பதைப் பார்த்துவிடலாம். உங்கள் பிள்ளைகள் இரண்டு பேரிடமும் இருப்பது ஆண்ட்ராய்டு. அதற்குக் கூகுளே ஃபேமிலி லிங்க் என்று ஒரு பெற்றோர் கட்டுப்பாட்டு ஆப்பை 2017இலிருந்து இலவசமாகத் தருகிறது. நீங்கள் ஐபோன் வைத்திருப்பது பிரச்சினையே இல்லை, பெற்றோருக்கான ஆப் ஐபோனிலும் ஓடும். இதுவே தலைகீழாக, பிள்ளையிடம் ஐபோனும் உங்களிடம் ஆண்ட்ராய்டும் இருந்தால்தான் தொல்லை. ஐபோனில் இதே வேலையைச் செய்யும் ஆப்பிளின் ஸ்க்ரீன் டைமை ஆண்ட்ராய்டு போனிலிருந்து நடத்த முடியாது, பிள்ளையின் போனையே வாங்கிக் கடவுக்குறியீடு போட்டு வைக்க வேண்டியதுதான், இல்லையென்றால் அப்போது வெளி ஆப்பைத் தேட வேண்டும். அதனால் ஆப் தேடும் யாருக்கும் நான் சொல்வது, எது நல்ல ஆப் என்று கேட்காதீர்கள், பிள்ளை கையில் என்ன போன் என்று முதலில் பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

ஃபேமிலி லிங்கில் என்ன செய்யலாம் என்றால், புது ஆப் எதை இறக்கினாலும் உங்கள் அனுமதி கேட்கும், ஒரு நாளைக்கு இவ்வளவு நேரம் என்று வைக்கலாம், ராத்திரி இத்தனை மணிக்கு மேல் போன் பூட்டிக்கொள்ளும்படி செய்யலாம், பிள்ளையின் போன் எங்கே இருக்கிறது என்றும் தெரியும் (போன் ஆன் ஆகி டேட்டாவோ வைஃபையோ இருந்தால்தான்). யூடியூபுக்கு, மகனுக்கு யூடியூப் கிட்ஸ் போதும். மகளுக்குப் பெற்றோர் மேற்பார்வைக் கணக்கு போடுங்கள், அதில் மூன்று நிலைகள் உண்டு, முதல் நிலை 9 வயதுக்கு மேல், அடுத்தது 13க்கு மேல்.

இனி அது செய்யாதது. ஆபாசத் தளங்களைத் தடுக்கும் வடிகட்டி குரோமில்தான் வேலை செய்கிறது. மகள் வேறு பிரவுசர் ஒன்றை இறக்க அனுமதி கேட்டால் யோசிக்காமல் கொடுத்துவிடாதீர்கள். வாட்ஸப்புக்குள், டிக்டாக்குக்குள் என்ன நடக்கிறது என்பதும் அதற்குத் தெரியாது. டிக்டாக், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் 13 வயது ஆக வேண்டும், அதுவரை 'வேண்டாம்' என்பதே எளிது. அப்புறம் கேட்டால், டிக்டாக்கில் ஃபேமிலி பேரிங்கும் இன்ஸ்டாகிராமில் டீன் அக்கவுண்ட்டும் என்று பிள்ளைகளுக்கான பாதுகாப்பு வசதிகள் இருக்கின்றன, அந்தந்த ஆப்பின் உள்ளேயே போய் அமைக்க வேண்டும்.

லேப்டாப் விஷயம்தான் எனக்குக் கவலை. எல்லோரும் ஒரே கணக்கில், அதுவும் வீட்டுக்காரரின் அட்மின் கணக்கில் உட்கார்ந்தால், எந்த ஆப்பைப் போட்டும் பயனில்லை, பிள்ளையே அதை நீக்கிவிடலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கணக்கு போட்டு மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டியில் சேர்த்துவிடுங்கள், அதுவும் இலவசம்தான். அதன் இணைய வடிகட்டி எட்ஜ் பிரவுசரில் மட்டும் வேலை செய்வதால் மற்ற பிரவுசர்களைத் தானே தடுத்துவிடும், "குரோம் ஓடலையே" என்று வீட்டில் ஒரு சத்தம் வரும், வரட்டும்.

இவ்வளவுக்கும் பிறகு மூன்று சாதனத்தையும் ஒரே திரையில் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் குஸ்டோடியோ (Qustodio), பார்க் (Bark) மாதிரியான கட்டண ஆப்களைப் பாருங்கள். பார்க்கில் எல்லா மெசேஜும் உங்களுக்கு வராது, மிரட்டல், தற்கொலைப் பேச்சு மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால் எச்சரிக்கை மட்டும் வரும், எனக்கு அந்த வழி பிடிக்கிறது. எதுவாக இருந்தாலும் வருடச் சந்தா வேண்டாம், முதலில் ஒரு மாதம் மட்டும். இந்த ஆப்கள் பலவற்றின் விலை டாலரில் இருக்கிறது, ராண்ட் சரிந்தால் அடுத்த வருடம் அதே ஆப் உங்களுக்கு விலை கூடும். இன்னொன்று, பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று சில ஆண்ட்ராய்டு போன்கள் பின்னணியில் ஓடும் ஆப்பைத் தூங்க வைத்துவிடும், காசு கட்டியும் ஒன்றும் நடக்காது. செட்டிங்ஸில் போய் அதற்கு மட்டும் விலக்கு கொடுக்க வேண்டும், கடைப் பையன் இதைச் சொல்லியிருக்க மாட்டான்.

கேள்வி: மகனுக்கு 16 வயது. ராத்திரி 2 மணி வரை வாட்ஸப்பில் இருக்கிறான், கேட்டால் முறைக்கிறான். அவனுக்குத் தெரியாமல் மெசேஜ்களைப் படிக்க ஒரு ஆப் சொல்லுங்கள். பெற்ற அப்பனுக்கு அந்த உரிமை கூடவா இல்லை?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: உரிமைச் சண்டைக்கு நான் வரவில்லை அண்ணே. அந்த மாதிரி ஆப்பை நம்பலாமா என்பதுதான் என் கேள்வி. 2018இல் டீன்சேஃப் என்ற கண்காணிப்பு ஆப்பின் சர்வர் பூட்டில்லாமல் திறந்து கிடந்தது தெரியவந்தது. பெற்றோரின் மின்னஞ்சல் முகவரி, பிள்ளைகளின் ஆப்பிள் கணக்கு, அதன் பாஸ்வேர்டு எல்லாம் அப்படியே படிக்கக்கூடிய எழுத்தில். அந்த ஆப் ஓட வேண்டுமானால் இரண்டடுக்குப் பாதுகாப்பையும் அணைத்து வைக்கச் சொல்லியிருந்தார்கள். பிள்ளையைக் காப்பாற்றப் போட்ட ஆப்பே பிள்ளையின் கணக்கைத் தெருவில் போட்டுவிட்டது. நம் நாட்டில் போப்பியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே உள்ளவரின் தகவலை ஒரு நிறுவனம் எடுத்துப் பயன்படுத்தப் பொதுவாகப் பெற்றோரின் அல்லது பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். ஆப்பைப் போடும்போது அந்தச் சம்மதத்தைக் கொடுப்பது நீங்கள்தான், யாரிடம் கொடுக்கிறோம் என்று தெரியாமலே.

உங்கள் கடிதத்தில் இருக்கும் பிரச்சினை ராத்திரி 2 மணி. அதற்கு மெசேஜ் படிக்க வேண்டியதில்லை. போன் சார்ஜரை லவுஞ்சில் வையுங்கள், பத்து மணிக்கு எல்லோர் போனும் அங்கே, உங்களுடையதும் சேர்த்துத்தான். நீங்கள் படுக்கையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு அவனைத் தூங்கச் சொன்னால் நடக்காது. அவனோடு உட்கார்ந்து வாட்ஸப் பிரைவசி செட்டிங்ஸில், குரூப்பில் யார் சேர்க்கலாம் என்பதைத் தெரிந்தவர்கள் மட்டும் என்று மாற்றுங்கள், தெரியாத எண்களின் அழைப்பு ஒலிக்காதபடியும் செய்யுங்கள்.

முறைப்புக்குப் பின்னால் பயம் இருந்தால் கதை வேறு. அந்தரங்கப் படத்தைக் காட்டி யாராவது அவனை மிரட்டினால் காசு அனுப்பாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள், ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டு போலீசுக்குப் போங்கள். சைபர்கிரைம்ஸ் சட்டத்தில் அது குற்றம். அப்பாவிடம் பேச முடியாத பையன் பிள்ளைகளுக்கான உதவி அமைப்பான சைல்ட்லைனின் 116க்கு இலவசமாகப் பேசலாம், அந்த எண்ணை அவன் கண்ணில் படும்படி வையுங்கள்.

கேள்வி: சனி, ஞாயிறு பேரப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்கள் போனை நான் தொடுவதில்லை. என் வைஃபைக்கும் டிவிக்கும் மட்டும் ஏதாவது செய்யலாமா?
– ஒரு தாத்தா, லெனேஷியா

பதில்: தாராளமாகச் செய்யலாம் தாத்தா. ரௌட்டரின் செட்டிங்ஸில் டிஎன்எஸ் (DNS) என்று ஒரு இடம் இருக்கும், அங்கே முதலாவதாக 1.1.1.3 என்றும் இரண்டாவதாக 1.0.0.3 என்றும் போடச் சொல்லுங்கள். கிளவுட்ஃபிளேர் 2020இல் குடும்பங்களுக்காகத் திறந்த இலவசச் சேவை இது, ஆபாசத் தளங்களையும் வைரஸ் தளங்களையும் தடுக்கும். பிள்ளை வைஃபையை அணைத்துச் சொந்த டேட்டாவில் போனால் இது செல்லாது, அதற்கு அவர்கள் அம்மா அப்பாதான் பொறுப்பு. நெட்ஃபிளிக்ஸில் உங்கள் ப்ரொஃபைலுக்கு ஒரு ரகசிய எண் (PIN) போட்டுவிட்டு, பேரப் பிள்ளைகளுக்கு வயது வரம்பு வைத்துத் தனி ப்ரொஃபைல் கொடுங்கள். டிஎஸ்டிவி சாட்டிலைட் டிவி டிகோடரிலும் ரகசிய எண் போடும் வசதி இருக்கிறது, பிறந்த வருடத்தை மட்டும் ரகசிய எண்ணாக வைக்காதீர்கள். ரௌட்டரின் பாஸ்வேர்டு அதன் அடியில் ஸ்டிக்கரில் ஒட்டியிருக்கும், அதையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள், பேரன் முதலில் அங்கேதான் பார்ப்பான்.